வீட்டு ரவுட்டரில் எதை முன்னால் விடுவது, எதைத் தடுப்பது: வரிசை மாறாமல் செய்யும் முறை

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு. இரவு 8 மணி. ரொறன்ரோவில் இருக்கும் மகள் வீடியோவில் அழைக்கிறாள். அதே நேரத்தில் ஓ/எல் படிக்கும் பேரனுக்கு சூம் வகுப்பு. பக்கத்து அறையில் மருமகன் அலுவலகக் கோப்பு ஒன்றை அப்லோட் செய்கிறார். வாசல் கேமரா இடைவிடாமல் வெளியே படம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. "தம்பி, முகம் அப்படியே நிக்குது, குரலும் விட்டு விட்டுத்தான் வருது. பெரிய பேக்கேஜுக்கு மாறுவமா?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். மாற வேண்டிய தேவை வரவில்லை. ரவுட்டரில் ஐந்தாறு அமைப்புகளைச் சரியான ஒழுங்கில் மாற்றியதோடு அழைப்பு சீராகிவிட்டது.

கொழும்பில் பல வீடுகளிலும் சில கடைகளிலும் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் இடறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ரவுட்டர் பக்கத்தைத் திறந்ததும் நேராக 'முன்னுரிமை' என்ற பெட்டிக்குப் போய் டிக் போடுகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் போட்ட டிக் எதையும் மாற்றாது. கீழே உள்ள ஒழுங்கைக் குலைக்காமல் போங்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

இணைய நிறுவனம் தந்த பெட்டியின் அட்மின் கடவுச்சொல், ஒரு லான் கேபிள், ஒரு லப்டொப், ஒரு கொப்பி, பேனா. கொப்பியை விட்டுவிடாதீர்கள். மாற்றுவதற்கு முன் என்ன இருந்தது என்று எழுதி வைக்காதவர், பிழை வந்தால் பெட்டியை முழுதாக ரீசெட் செய்ய வேண்டி வரும். அப்போது இணைப்புக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சேர்ந்து அழிந்துபோகும். அவற்றை முதல் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

நிறுவனம் தரும் பெட்டிகளில் சாதனத் தடை, முகவரித் தடை போன்றவை இருக்கும். ஆனால் கியூவை (அனுப்பப்படக் காத்திருக்கும் தரவின் வரிசையை) ஒழுங்காகக் கையாளும் வசதி அனேகமாக இருக்காது. அதற்கு உங்களுக்கென்று ஒரு ரவுட்டர் வேண்டும். நான் பரிந்துரைப்பது ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்கும் ஒன்றை. மிக்ரோடிக் ரவுட்டர்கள் பழக்கமானவர்களுக்கு அவற்றின் மென்பொருளின் 7 ஆம் பதிப்பும் போதும்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ வாங்கப் போகிறீர்கள் என்றால், மொடல் பெயரோடு நின்றுவிடாதீர்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் 'வீ1', 'வீ3' என்று ஒரு பதிப்பு எண் இருக்கும். ஒரே பெயரில் உள்ளே வேறு சிப் இருக்கும் ரவுட்டர்கள் உண்டு. ஒரு பதிப்பை ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்கும், அடுத்ததை ஏற்காது. லேபிளைப் படம் எடுத்து, ஆதரவுப் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

நிறுவனப் பெட்டியை 'பிரிட்ஜ்' முறைக்கு (இணைப்பை அப்படியே உங்கள் ரவுட்டருக்குக் கடத்திவிடும் முறைக்கு) மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் அதன் லான் (வீட்டுப் பக்க) துளையிலிருந்து உங்கள் ரவுட்டரின் வான் (இணையப் பக்க) துளைக்குக் கேபிள் இழுத்து, பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் வீட்டில் பாதிப் பேர் பழைய வைஃபையிலேயே தங்கிவிடுவார்கள். நீங்கள் போடும் விதி எதுவும் அவர்களைத் தொடாது.

2. எதையும் தொடுமுன் அளந்து எழுதுங்கள்

லப்டொப்பைக் கேபிளில் இணைத்து, வைஃபையை அணையுங்கள். வைஃபையில் அளந்தால் சுவரின் குறையையும் லைனின் குறையையும் பிரித்தறிய முடியாது. கொங்கிரீட் தொடர்மாடிகளில் இது பெரிய வித்தியாசம் காட்டும்.

தரவு போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையை 1.1.1.1 என்ற முகவரிக்கு நிற்காமல் ஓட விடுங்கள். லைன் சும்மா இருக்கும்போது வரும் எண்ணைக் குறியுங்கள். பிறகு வேகச் சோதனை ஒன்றைத் தொடங்கி, அது ஓடும்போது அதே எண் எங்கே போகிறது என்று பாருங்கள். ஃபாஸ்ட்.காம் தளம் 'மேலதிக விபரம்' பகுதியில் இந்த இரண்டையும் தனித்தனியாகக் காட்டும்.

வெள்ளவத்தை வீட்டில் சும்மா இருந்தபோது 14 மில்லி செக்கன். அப்லோட் தொடங்கியதும் 60, 180, 400 என்று ஏறி, அங்கேயே நின்றது. அழைப்பு உறைந்ததன் காரணம் அந்த 400. வேகம் போதாமல் அழைப்பு நிற்கவில்லை. மோடத்துக்குள் பொதிகள் (தரவின் சிறு துண்டுகள்) கியூவில் கிடந்தன, குரல் பொதியும் அவற்றின் பின்னால் கிடந்தது.

காலை ஒரு தடவை, இரவு 8 மணிக்கு ஒரு தடவை என்று இரண்டு மூன்று நாள் அளவெடுங்கள். பின்னால் வரும் கணக்குக்கு இரவு எண்தான் தேவை. காலை 6 மணிக்கு வந்த அழகான வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டவர்கள், இரவில் எதுவும் வேலை செய்யவில்லை என்று திரும்பி வந்திருக்கிறார்கள்.

3. சாதனங்களுக்குப் பெயரும் நிலையான முகவரியும்

ரவுட்டரின் சாதனப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் யாருடையது என்று கண்டுபிடித்துப் பெயரிடுங்கள். 'அம்மா போன்', 'வாசல் கேமரா', 'கடை கார்ட் மெஷின்' என்று எழுதினால் போதும். பிறகு சாதனங்களுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி பகுதியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான முகவரியை ஒதுக்குங்கள். இனி வரும் விதிகள் முகவரியை வைத்துத்தான் பேசும். முகவரி மாறினால் விதி வேறொருவர் தலையில் விழும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆண்ட்ரொயிட் 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை (ரவுட்டர் சாதனத்தை அடையாளம் காணும் எண்ணை) மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைத் தருகின்றன. வைஃபையை 'மறந்துவிட்டு' மீண்டும் இணைத்தால் அது மாறக்கூடும். வீட்டு வைஃபைக்கு மட்டும் போனின் அமைப்பில் இதை அணைத்து, சாதன முகவரியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். பேரனின் போனுக்குப் போட்ட நேரக் கட்டுப்பாடு ஒரே வாரத்தில் செயலிழந்தால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

4. கியூவை உங்கள் ரவுட்டருக்குள் கொண்டுவாருங்கள்

முழு வேலையின் இதயம் இந்தப் படி. நேரமில்லாதவர்கள் இதை மட்டும் செய்தாலும் வீட்டுக்குள் சண்டை பாதியாகக் குறையும்.

தெஹிவளையில் வீதி அடைத்துக் கிடக்கும்போது, வெள்ளவத்தையில் நின்று அம்புலன்ஸை முன்னால் விட்டு என்ன பயன்? அது போய் தெஹிவளையில் நிற்கும். உங்கள் ரவுட்டர் எவ்வளவு முன்னுரிமை கொடுத்தாலும், நெரிசல் மோடத்திலோ நிறுவனத்தின் பக்கத்திலோ இருந்தால் அந்தப் பொதி அங்கே காத்துக் கிடக்கும். ஆகவே உங்கள் ரவுட்டர் லைனை விடச் சற்று மெதுவாக அனுப்ப வேண்டும். அப்போதுதான் கியூ உங்கள் கைக்குள் உருவாகும், யார் முன்னால் போவது என்று நீங்கள் தீர்மானிக்க முடியும்.

ஓப்பன்டபிள்யூஆர்டியில் கியூவைக் கையாளும் எஸ்கியூஎம் தொகுப்பை நிறுவி, வான் இடைமுகத்தைத் தெரிவு செய்யுங்கள். பயனர் பெயர் கொடுத்து இணையும் லைன் என்றால் பிபிபிஓஈ இடைமுகத்தைத் தெரிவு செய்ய வேண்டும். லான் பக்கத்தைத் தெரிவு செய்தால் டவுன்லோடும் அப்லோடும் தலைகீழாகிவிடும்.

வேகத்தைக் கணக்கிடும் முறை: இரவில் 24 எம்பிபிஎஸ் டவுன்லோட், 5 எம்பிபிஎஸ் அப்லோட் வந்ததென்றால், இரண்டிலும் 90 சதவீதம் எடுங்கள். 21.6, 4.5. பெட்டி கேட்பது கிலோபிட் கணக்கில், ஆகவே 21600, 4500 என்று எழுத வேண்டும். வெறும் 21 என்று எழுதிவிட்டு 'இணையமே போய்விட்டது' என்று பதறியவர்கள் பலர். பூச்சியம் எழுதினால் அந்தப் பக்கத்துக்குக் கட்டுப்பாடே இல்லை என்று பொருள்.

கியூ முறையாக 'கேக்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். பெரிய டவுன்லோட் ஒன்று சின்ன உரையாடல்களை நசுக்காதபடி அது தானாகவே பார்த்துக்கொள்ளும். இணைப்பு வகை கேட்கும் இடத்தில், ஃபைபர் என்றால் ஈதர்நெட், பழைய செப்புக் கம்பி ஏடிஎஸ்எல் என்றால் ஏடிஎம். இரண்டுக்கும் மேலதிகச் சுமை 44 பைட் என்று கொடுங்கள். சற்றுக் கூடக் கொடுப்பதால் கேடில்லை, குறைத்துக் கொடுத்தால் கியூ மீண்டும் மோடத்துக்குப் போய்விடும்.

அப்புறம், மேம்பட்ட தெரிவுகளில் பங்கீட்டைச் சாதனக் கணக்கில் செய்யச் சொல்லுங்கள். டவுன்லோடில் போய்ச்சேரும் முகவரிப்படி, அப்லோடில் புறப்படும் முகவரிப்படி. கூடவே 'நாட்' என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் வீட்டில் உள்ள எல்லாச் சாதனமும் வெளியே தெரியும் ஒரே முகவரியாகவே கேக்கின் கண்ணுக்குப் படும். இதைச் செய்த பிறகு, 40 இணைப்புத் திறந்து டவுன்லோட் செய்பவருக்கும் ஒரே ஒரு அழைப்பில் இருப்பவருக்கும் சம பங்கு கிடைக்கும்.

இப்போது இரண்டாம் படியின் சோதனையை மறுபடி செய்யுங்கள். வெள்ளவத்தையில் 400 ஆக இருந்தது 25 க்குள் இறங்கியது. உங்களுக்கு இறங்கவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, 'ஃப்ளோ ஆஃப்லோடிங்'. பொதிகளைக் குறுக்கு வழியால் அனுப்பும் வசதி இது, அந்தக் குறுக்கு வழி கியூவைத் தொடாமல் போகிறது. மென்பொருள், வன்பொருள் இரண்டு வகையையும் அணையுங்கள். மிக்ரோடிக்கில் இதன் பெயர் ஃபாஸ்ட்டிராக், ஃபயர்வோலில் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிகள் இருக்கும் பகுதியில்) உள்ள அந்த விதியை நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, ரவுட்டரின் சிப். இந்த வேலை முழுவதும் அதன் தலையில் விழுகிறது. 100 எம்பிபிஎஸ் லைனில் பழைய மலிவு ரவுட்டரைப் போட்டால் வேகம் பாதியாகும். சோதனை ஓடும்போது சிப்பின் பயன்பாடு உச்சத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, 4ஜி லைன். அதன் வேகம் மணிக்கு மணி மாறும், ஒரே எண்ணை எழுதினால் நல்ல நேரத்தில் வேகத்தை வீணடிக்கும், கெட்ட நேரத்தில் பயன்தராது. இரவில் வரும் மிகக் குறைந்த எண்ணை ஒட்டி எழுதுவதே என் வழக்கம். வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் கேக் ஆட்டோரேட் என்ற துணை நிரலும் உண்டு. கேபிளும் கட்டளையும் பழகியவர்கள் அதை முயலலாம். எதற்கும் முதலில் ரவுட்டரை யன்னலோரம் நகர்த்திப் பாருங்கள்.

5. இப்போதுதான் முன்னுரிமை

நாலாம் படி சரியாக அமைந்தால் பல வீடுகளுக்கு இந்தப் படியே தேவைப்படாது. ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். இன்னும் உறைகிறது என்றால் தொடருங்கள்.

கேக்கை நாலு அடுக்கு முறைக்கு மாற்றுங்கள். எஸ்கியூஎம்மில் 'லேயர் கேக்' என்ற நிரலைத் தெரிவு செய்து, மேம்பட்ட தெரிவுகளில் 'டிஃப்சேர்வ்4' என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும், அது இல்லாவிட்டால் மூன்று அடுக்குத்தான் வரும். அடுக்குகள் இவை: பின்தள்ளியது, சாதாரணம், வீடியோ, குரல். பொதியில் ஒட்டிய டிஎஸ்சிபி எனப்படும் முன்னுரிமை எண்ணைப் பார்த்து அது எந்த அடுக்கு என்று முடிவாகும். 8 என்றால் பின்தள்ளியது, 34 என்றால் வீடியோ, 46 என்றால் குரல். எண் இல்லாதவை சாதாரணம்.

என் அனுபவத்தில், பத்து விடயங்களை உயர்த்துவதை விட ஒன்றைத் தாழ்த்துவது நல்லது. புறக்கோட்டையில் ஒரு உடுப்புக் கடை. மாலை கூட்டம் கூடும்போது கார்ட் மெஷின் 'இணைக்கிறது' என்று சுற்றிக்கொண்டே நிற்கும், வாடிக்கையாளர் கையில் பையோடு காத்திருப்பார். கார்ட் மெஷினுக்கு முன்னுரிமை கேட்டார்கள். பார்த்தால் நாலு கேமராக்கள் முழு அப்லோடையும் விழுங்கிக்கொண்டிருந்தன. கேமராக்களின் முகவரிகளிலிருந்து வெளியேறும் எல்லாவற்றுக்கும் 8 என்று ஃபயர்வோலில் ஒரே ஒரு விதி எழுதினேன். கார்ட் மெஷினைத் தொடவே இல்லை. அடுத்த பில்லுக்கு ரசீது உடனே வந்தது. போன்களின் இரவுப் படச் சேமிப்பு, கணினிக் காப்புப்பிரதி போன்றவற்றையும் இப்படித் தாழ்த்தலாம்.

உயர்த்தியே ஆக வேண்டும் என்றால் யுடிபி போர்ட்டை (செயலி பயன்படுத்தும் வாயில் எண்ணை) வைத்து விதி எழுதுங்கள். சூம் 8801 முதல் 8810 வரை, டீம்ஸ் 3478 முதல் 3481 வரை, கூகுள் மீட் 19302 முதல் 19309 வரை. போய்ச்சேரும் போர்ட் இவற்றில் இருந்தால் 34 என்று குறியுங்கள்.

வீடியோ அழைப்புக்கு ஏன் 46 கொடுக்கக் கூடாது? குரல் அடுக்குக்கு முதலிடம் கிடைப்பது மொத்த வேகத்தின் கால் பங்கு வரைதான். 4500 கிலோபிட் அப்லோடில் கால் பங்கு 1125. ஒரு தெளிவான வீடியோ அழைப்பு அதைத் தாண்டிவிடும், தாண்டியதும் முதலிடம் போய்விடும். வீடியோ அடுக்குக்கு அரைப் பங்கு உண்டு. பெரிய எண் நல்ல எண் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் 46 போடுவது அடிக்கடி காணும் பிழை.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஃபயர்வோலில் ஒட்டும் இந்த எண் வெளியே போகும் பக்கத்தில்தான் வேலை செய்யும். உள்ளே வரும் பொதிகள் ஃபயர்வோலை அடையுமுன்பே கியூவைக் கடந்துவிடுகின்றன. டவுன்லோட் பக்கத்தை நாலாம் படியின் சமபங்கு பார்த்துக்கொள்ளும். வீடுகளில் முதலில் அடைவது அப்லோட் என்பதால் இது பெரிய குறையாக இருப்பதில்லை.

6. வடிகட்டுதல்

முதலில் ஒரு எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்று ஏறக்குறைய எல்லாத் தளமும் பூட்டிய இணைப்பில் ஓடுகிறது. ரவுட்டருக்குத் தளத்தின் பெயர் தெரியும், உள்ளே எந்தப் பக்கம், எந்த வீடியோ என்பது தெரியாது. ஆகவே நிறுவனப் பெட்டியில் உள்ள 'சொல் வடிகட்டி'யில் கெட்ட சொற்களை எழுதிக்கொண்டிருப்பது வீண் வேலை.

பயன்தருவது டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) வழி. வான் அமைப்பில் நிறுவனம் தரும் டிஎன்எஸ்ஸை நிறுத்தி, 1.1.1.3, 1.0.0.3 இரண்டையும் எழுதுங்கள். கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் இந்த முகவரிகள் தீங்கு மென்பொருள் தளங்களையும் வயதுவந்தோருக்கான தளங்களையும் தடுக்கும். கடைக்குத் தீங்கு மென்பொருள் தடை மட்டும் போதும் என்றால் 1.1.1.2, 1.0.0.2.

'பாதுகாப்புக்கு இருக்கட்டும்' என்று இரண்டாவது இடத்தில் 8.8.8.8 எழுதாதீர்கள். இரண்டாவது முகவரி காத்திருக்கும் உதிரி அல்ல, ரவுட்டர் இரண்டையும் கேட்கும். பாதி நேரம் வடிகட்டி ஓட்டையாக இருக்கும்.

அடுத்து, ஓட்டைகளை அடைப்போம்:

அ) போனிலேயே வேறு டிஎன்எஸ் எழுதியிருப்பார்கள். லானிலிருந்து 53 ஆம் போர்ட்டுக்குப் போகும் எல்லாவற்றையும் ரவுட்டரை நோக்கித் திருப்பிவிடுங்கள்.

ஆ) ஆண்ட்ரொயிட் 9 முதல் 'தனிப்பட்ட டிஎன்எஸ்' என்ற வசதி உண்டு, அது 853 ஆம் போர்ட்டில் போகும். அந்தப் போர்ட்டை வெளியே போகாமல் தடுங்கள். 'தானியங்கி' என்று வைத்திருக்கும் போன் சத்தமில்லாமல் உங்கள் டிஎன்எஸ்ஸுக்குத் திரும்பிவிடும். யாராவது ஒரு பெயரைக் கையால் எழுதி வைத்திருந்தால் அந்தப் போனில் இணையமே வராது. உங்களைத் தேடி வருவார்கள், அப்போது மாற்றிக் கொடுக்கலாம்.

இ) ஐபிவி6, அதாவது இணைய முகவரி முறையின் ஆறாம் பதிப்பு. நாலாம் பதிப்பில் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு இதை மறப்பவர்கள் அதிகம். உங்கள் லைனில் ஐபிவி6 இருந்தால் அதன் டிஎன்எஸ்ஸும் வடிகட்டிக்குப் போக வேண்டும்: 2606:4700:4700::1113.

ஈ) பிரவுசருக்குள்ளேயே இருக்கும் பூட்டிய டிஎன்எஸ், விபிஎன் இரண்டும் சாதாரணத் தளங்களைப் போலவே 443 ஆம் போர்ட்டில் போகக்கூடியவை. ரவுட்டரால் முழுதாக நிறுத்த முடியாது. பிள்ளையின் சாதனத்திலேயே அமைப்பைப் பூட்டுவதும், என்ன தடுக்கப்பட்டிருக்கிறது, ஏன் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுவதும் இந்தப் படியின் பகுதிதான். சொல்லாமல் தடுத்தால் பிள்ளை மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும், அங்கே எந்த வடிகட்டியும் இல்லை.

யூடியூபை முழுதாகத் தடுக்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. தடுக்குமுன் பிள்ளையின் டியூஷன் வகுப்புகள் எங்கே ஏற்றப்படுகின்றன என்று கேளுங்கள். பல ஆசிரியர்கள் வகுப்பின் பதிவை யூடியூபில்தான் போடுகிறார்கள். அந்த வீடுகளுக்கு நேரக் கட்டுப்பாடே பொருந்தும்.

7. நேரக் கட்டுப்பாடு

முதலில் ரவுட்டரின் கடிகாரத்தைப் பாருங்கள். புதிதாக நிறுவிய ஓப்பன்டபிள்யூஆர்டி யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். கொழும்பு அதைவிட ஐந்தரை மணி முன்னால். கொட்டாஞ்சேனையில் ஒரு தகப்பன் இரவு 10 முதல் காலை 5 வரை மகனின் போனைத் தடுத்திருந்தார். அது நடந்தது அதிகாலை 3.30 முதல் காலை 10.30 வரை. இரவெல்லாம் விளையாட்டு ஓடியது, காலை வகுப்பு நின்றது. நேர வலயத்தை ஆசியா/கொழும்பு என்று மாற்றுங்கள். ஃபயர்வோல் விதியில் யுடிசி என்று ஒரு டிக் பெட்டி இருந்தால் அது காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது சிக்கல்: 10 மணிக்கு விதி தொடங்கினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ நிற்காது. ஃபயர்வோல் புதிய இணைப்பைத்தான் விசாரிக்கும், திறந்திருக்கும் இணைப்பை விட்டுவிடும். விதி வேலை செய்யவில்லை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். 10 மணிக்கு வைஃபையை ஒரு தடவை மீளத் தொடங்கினாலும் பல நேரம் போதாது. அந்த நேரத்தில் இணைப்பு அட்டவணையைக் காலி செய்யும் ஒரு கட்டளையைத் திட்டமிட்ட பணிகளில் சேர்ப்பதே உறுதியான வழி.

உங்கள் பேக்கேஜில் நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா இருந்தால், கணினி மேம்படுத்தல்களையும் காப்புப்பிரதிகளையும் அந்த நேரத்துக்குத் தள்ளிவிடுங்கள். மாலை கியூவும் குறையும், பகல் டேட்டாவும் மிஞ்சும்.

8. சோதித்து, சேமித்து வையுங்கள்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒவ்வொன்றுக்கும் பிறகு சோதனை. தடுத்த தளம் இன்னும் திறக்கிறது என்றால் போனின் வைஃபையை அணைத்துப் போட்டு, பிரவுசரை மூடித் திறந்து பாருங்கள். பழைய விடை அதன் நினைவில் இருக்கும்.

கடைசிச் சோதனையை இரவு 8 மணிக்கு, எல்லோரும் இணையத்தில் இருக்கும்போது செய்யுங்கள். ஒருவர் பெரிய கோப்பை அப்லோட் செய்ய, ஒருவர் அழைப்பில் கதைக்க, நீங்கள் பிங் எண்ணைப் பாருங்கள்.

பிறகு அமைப்பின் காப்புப்பிரதியை இறக்கி லப்டொப்பிலும் ஒரு பென் டிரைவிலும் வையுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு ரவுட்டர் தானாக எழும்புகிறதா, எஸ்கியூஎம் தானாகத் தொடங்குகிறதா என்று ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். 'தொடக்கத்தில் இயக்கு' என்ற டிக்கை மறந்த வீட்டில், அடுத்த மின்வெட்டோடு எல்லாம் பழையபடி ஆகிவிடும். ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் வாங்குவதானால் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், அம்பியர் இரண்டையும் பார்த்து வாங்குங்கள். நிறுவனப் பெட்டியும் அதிலேயே ஓட வேண்டும், அது அணைந்தால் உங்கள் ரவுட்டர் மட்டும் விழித்திருந்து பயனில்லை.

அட்மின் கடவுச்சொல், இரண்டு வேக எண்கள், மாற்றிய திகதி. இவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதி, உறையில் போட்டு, வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள். பேக்கேஜ் மாறும் அன்று அந்த இரண்டு எண்களையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் 100 எம்பிபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டிக்கொண்டு 21600 கிலோபிட்டிலேயே இருப்பார்கள்.